கிறிஸ்துமஸ் இரவில் பேய்க்கதை: இங்கிலாந்தின் குளிர்கால வழக்கம் எப்படி உருவானது?

டிசம்பர் பிறந்தால் மால்களிலும் கடைகளிலும் ஒலிக்கும் ஆங்கிலக் கிறிஸ்துமஸ் பாடல்களில் ஒன்று ஆண்டி வில்லியம்ஸ் 1963-இல் பாடியது. ஆண்டிலேயே அருமையான காலம் இதுதான் என்று கொண்டாடும் அந்தப் பாட்டு, பண்டிகையின் இன்பங்களை அடுக்கிக்கொண்டே வரும்போது நடுவில் பேய்க்கதைகளையும் சேர்த்துக்கொள்கிறது. உற்றுக் கேட்டவர்களுக்கு அங்கே ஒரு சந்தேகம் வரும். இயேசு பிறந்த நாளுக்கும் பேய்க்கும் என்ன சம்பந்தம்? ஹாலோவீனோடு குழப்பிவிட்டார்களா?

இணையத்தில் தேடினால் ஆயத்தமாக ஒரு பதில் கிடைக்கிறது: கிறிஸ்தவத்துக்கு முன்பே வட ஐரோப்பாவில் இருந்த யூல் என்ற குளிர்காலப் பண்டிகையிலிருந்து அறுபடாமல் வரும் பழைய வழக்கம் இது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அளவுக்குச் சான்று கிடையாது. வெவ்வேறு காலத்தில் தோன்றிய மூன்று விஷயங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உருவானதுதான் இன்று நாம் காணும் வழக்கம். குளிர்காலத்தில் கதை சொல்வது மிகப் பழையது. அதைக் கிறிஸ்துமஸோடு இறுக்கிக் கட்டியது 19-ஆம் நூற்றாண்டின் அச்சுத் தொழில். உரக்க வாசிக்கும் சடங்காக அதைச் செதுக்கியது கேம்பிரிட்ஜின் ஓர் அறை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

இருட்டும் ஓய்வும் ஒரே கணப்பும்

லண்டனில் டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாட்களில் பகல் 7 மணி 50 நிமிடம்தான். காலை எட்டு மணிக்கு எழும் சூரியன் பிற்பகல் நான்கு மணி அடிப்பதற்குள் மறைந்துவிடும். அதே நாளில் சென்னையில் பகல் சுமார் 11 மணி 20 நிமிடம் இருக்கும். நம் மார்கழியில் இரவு சற்றே நீள்கிறது. அங்கே நாளில் மூன்றில் இரண்டு பங்கை இரவே எடுத்துக்கொள்கிறது. வெறும் இருட்டு கதையைப் பிறப்பித்துவிடாது. அதோடு வேறு சில நிலைமைகளும் கூடின.

1. வயல் வேலை ஓய்ந்த காலம். நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாளை ஒட்டி, பனிக்காலம் முழுக்கத் தீவனம் போட முடியாத மாடுகளை வெட்டி உப்புக்கண்டம் போட்டுவிடுவார்கள். மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6-க்குப் பிறகு வரும் முதல் திங்கட்கிழமைதான் உழவு மறுபடி தொடங்கும் நாள். அதைக் 'கலப்பைத் திங்கள்' என்றே அழைத்தார்கள். இடையில் கிறிஸ்துமஸின் 12 நாட்கள் கிராமத்தாருக்கு உண்மையான விடுமுறை.

2. வெளிச்சம் விலை உயர்ந்தது. இங்கிலாந்தில் 1709 முதல் 1831 வரை மெழுகுவர்த்திக்கு வரி இருந்தது. உரிமம் இல்லாமல் வீட்டில் செய்துகொள்வதும் குற்றம். ஏழைகள் நாணல் தண்டின் நடுத்தக்கையைக் கொழுப்பில் தோய்த்து எரித்தார்கள். ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு விளக்கு என்பது நினைத்துப் பார்க்க முடியாதது. குடும்பம் முழுக்க ஒரே கணப்பைச் சுற்றித்தான் உட்கார வேண்டும்.

3. கைக்கு வேலை, காதுக்கு ஓய்வு. யார்க்ஷயரின் டென்ட் பள்ளத்தாக்கில் அக்கம்பக்கத்தார் ஒரு வீட்டில் கூடி, விறகையும் விளக்கையும் மிச்சப்படுத்திக்கொண்டு, காலுறையும் கையுறையும் பின்னுவார்கள். ஆண்களும் பின்னினார்கள். விரல் பழகிய வேலைக்குக் கண்ணும் அதிகம் வேண்டாம், மூளையும் அதிகம் வேண்டாம். அங்கே கதை சொல்பவருக்கு நல்ல மதிப்பு.

இந்த மூன்றும் சேர்ந்தால் கதை பிறக்கும் என்பது புரிகிறது. ஆனால் ஏன் பேய்க்கதை? அதற்கு மதத்துக்குள் போக வேண்டும்.

தேவாலயம் கைவிட்ட ஆவிகள்

கத்தோலிக்க நம்பிக்கையில் மோட்சத்துக்கும் நரகத்துக்கும் இடையே உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு. சிறு பாவங்களோடு இறந்தவரின் ஆன்மா அங்கே வேதனைப்பட்டுத் தூய்மையாகி மேலே போகும். உயிரோடிருப்பவர்களின் ஜெபமும் பூசையும் அந்தக் காலத்தைக் குறைக்கும். தமிழகத்திலும் இலங்கையிலும் கத்தோலிக்கர்கள் நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றி இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வது இந்த நம்பிக்கையின் தொடர்ச்சிதான். இடைக்கால இங்கிலாந்தில் ஆவி என்றால் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஆன்மா. அது வந்தால் ஒரு காரணத்தோடு வரும்: எனக்காகப் பூசை வையுங்கள், நான் அடைக்காத கடனை அடைத்துவிடுங்கள் என்று கேட்கும். கேட்டது நிறைவேறினால் போய்விடும்.

கத்தோலிக்கத்திலிருந்து புராட்டஸ்டன்டுகள் பிரிந்த 16-ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தம் இந்த ஏற்பாட்டைக் கலைத்தது. இறந்தவர்களுக்காகப் பூசை வைக்க ஏற்படுத்தப்பட்ட அறக்கட்டளைகள் 1547-இல் ஒழிக்கப்பட்டன. ஆங்கிலத் திருச்சபையின் 39 கொள்கைகளில் 22-ஆவது, உத்தரிக்கிற ஸ்தலம் என்பதே வீண் கற்பனை என்று அறிவித்தது. அப்படியானால் இறந்தவர் ஒன்று மோட்சத்தில் இருக்கிறார், இல்லையேல் நரகத்தில் இருக்கிறார். திரும்பி வர வழியில்லை. நள்ளிரவில் ஒரு உருவம் வந்து நின்றால் அது பிசாசின் வேடம், அல்லது பார்த்தவரின் மனமயக்கம்.

போதகர்கள் அப்படிச் சொன்னார்கள். மக்கள் ஆவிகளைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. 1600-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' இந்த முட்டுச்சந்தில்தான் நிற்கிறது. இளவரசன் ஹாம்லெட்டின் தந்தையுடைய ஆவி, பகலில் நெருப்பில் வெந்து இரவில் அலைய விதிக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறது. அது உத்தரிக்கிற ஸ்தலத்தின் பேச்சு. மகனோ, சமயச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூதரின் ஊரான விட்டன்பர்க்கில் படித்தவன். வந்தது தந்தையா பிசாசா என்று தெரியாமல் அவன் தவிக்கிறான்.

என் கணிப்பில், ஆங்கிலப் பேய்க்கதையின் வளர்ச்சிக்கு இந்தத் தவிப்பு இருட்டைவிடப் பெரிய காரணம். பூசைக்கும் ஜெபத்துக்கும் உரிய விஷயமாக இருந்தவரை, ஆவியைப் பற்றிப் பேச ஓர் அதிகாரபூர்வ இடம் இருந்தது. அந்த இடம் பறிபோன பிறகு அதற்கு மிஞ்சியது கணப்படிதான். என்ன செய்தால் அது போகும் என்று சொல்லவும் யாரும் இல்லாததால், அது முன்பைவிடப் பயங்கரமானதாக மாறியது.

பழைய சான்றுகள் சொல்வதும் சொல்லாததும்

'குளிர்காலக் கதை' என்பது அன்றைய ஆங்கிலத்தில் கிழவிகள் கணப்படியில் சொல்லும் நம்ப முடியாத கதைக்கு வழங்கிய பெயர். 1590-ஐ ஒட்டி கிறிஸ்டோபர் மார்லோ எழுதிய நாடகத்தில், இரவில் உலவும் ஆவிகளைப் பற்றிக் கிழவிகள் சொன்ன குளிர்காலக் கதைகளை ஒரு பாத்திரம் நினைவுகூர்கிறது. சுமார் இருபது ஆண்டுகள் கழித்து ஷேக்ஸ்பியர் இதையே ஒரு நாடகத்தின் தலைப்பாக்கினார். அதில் சிறுவன் மமிலியஸ், குளிர்காலத்துக்குச் சோகக் கதைதான் ஏற்றது என்று தாயிடம் சொல்லி, கல்லறைத் தோட்டத்தின் பக்கத்தில் குடியிருந்த ஒருவனைப் பற்றி ஆரம்பிக்கிறான். அந்தச் சில்வண்டுகளுக்குக்கூடக் கேட்காமல் மெதுவாகச் சொல்வேன் என்கிறான். தந்தை உள்ளே வந்துவிட, கதை முதல் வரியோடு நின்றுபோகிறது. 1725-இல் நியூகாசில் பாதிரியார் ஹென்றி போர்ன், குளிர்கால மாலைகளில் குடும்பம் முழுக்க நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து ஆவிக் கதைகள் பேசுவது நாட்டுப்புறத்தில் சர்வசாதாரணம் என்று எழுதி வைத்தார்.

இவற்றில் எதிலும் கிறிஸ்துமஸ் இரவு குறிப்பாகச் சொல்லப்படவில்லை. 'ஹாம்லெட்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. மீட்பர் பிறந்த திருநாள் காலத்தில் சேவல் இரவெல்லாம் கூவும், எந்த ஆவியும் வெளியே நடமாடத் துணியாது, அந்த இரவுகள் தீங்கற்றவை என்று காவலன் மார்செலஸ் சொல்கிறான். அதாவது, கிறிஸ்துமஸ் காலம் பேய் அண்டாத காலம் என்ற நம்பிக்கையும் அன்று இருந்தது.

யூல் வாதத்தை முன்வைப்பவர்கள் ஐஸ்லாந்தின் இடைக்கால உரைநடைக் கதைகளான சாகாக்களைக் காட்டுவார்கள். கிரெட்டிர் சாகாவில் கிளாம் என்ற மேய்ப்பன் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நோன்பை மதிக்காமல் உண்டுவிட்டுப் போய், மலையில் கொல்லப்பட்டு, நடமாடும் பிணமாகத் திரும்பி வந்து பண்ணையை அழிக்கிறான். அருமையான கதை. ஆனால் ஒரு பேய் யூல் நாளில் வந்ததாகக் கதை இருப்பதும், மக்கள் யூல் நாளில் உட்கார்ந்து பேய்க்கதை சொன்னார்கள் என்பதும் வேறு வேறு. முதலாவதற்குச் சான்று இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இரண்டாவதையும் நிரூபித்துவிட முடியாது.

அச்சகம் கட்டிய பண்டிகை

கிறிஸ்துமஸே இடையில் ஒருமுறை சட்டத்துக்குப் புறம்பாக ஆகியிருந்தது. பைபிளில் இல்லாத கொண்டாட்டம் என்று 1647-இல், கடும் புராட்டஸ்டன்டுகளான பியூரிட்டன்களின் நாடாளுமன்றம் அதை ஒழித்தது. 1660-இல் மன்னராட்சி திரும்பியபோது பண்டிகையும் திரும்பியது. ஆனால் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொழிற்சாலை நகரங்களுக்குக் கூட்டம் கூட்டமாகக் குடிபெயர்ந்தவர்களுக்கு அந்தப் பழைய 12 நாள் ஓய்வு கிடையாது. கிராமத்துக் கணப்படி அவர்களுக்கு ஏக்கமாக மாறியது. 1820-ஐ ஒட்டி அமெரிக்கரான வாஷிங்டன் இர்விங், ஒரு ஆங்கிலப் பண்ணை மாளிகையின் கிறிஸ்துமஸை வர்ணித்தபோது, விருந்துக்குப் பிறகு பாதிரியார் ஆவிக் கதை சொல்வதாகக் காட்டியது அந்த ஏக்கத்தைத் தொட்டது.

அதை முழு வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் சார்லஸ் டிக்கன்ஸ். முதல் நாவலான 'பிக்விக் பேப்பர்ஸ்' 1836-37-இல் மாதாமாதம் வெளிவந்தபோதே, கிறிஸ்துமஸ் முந்தைய இரவில் ஒரு பண்ணை வீட்டில் பூதங்கள் தூக்கிச் சென்ற கல்லறைக் காவலனின் கதையை நுழைத்தார். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1843 டிசம்பர் 19-இல், 'எ கிறிஸ்துமஸ் கேரல்' வந்தது. விலை 5 ஷில்லிங். முதலில் அச்சிட்ட 6,000 பிரதிகளும் கிறிஸ்துமஸுக்குள் தீர்ந்தன. தங்க விளிம்பும் வண்ணப் படங்களுமாக அழகாக வர வேண்டும் என்று அவர் செலவை ஏற்றிவிட்டதால், 1,000 பவுண்டு எதிர்பார்த்த இடத்தில் அந்த முதல் அச்சில் கிடைத்தது 230 பவுண்டுதான்.

அந்தக் கதையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சங்கிலியை இழுத்துக்கொண்டு வரும் மார்லியின் ஆவி, வாழும்போது செய்யத் தவறியதற்காக அலைய விதிக்கப்பட்டது. தன் பழைய தொழில் கூட்டாளியான கருமி ஸ்க்ரூஜ் திருந்துவதற்கு ஒரு வாய்ப்பு வாங்கித் தர வருகிறது. திருச்சபை மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் தள்ளிவிட்ட, காரணத்தோடு வரும் ஆவி அது. எச்சரிக்கவும் திருத்தவும் வரும் ஆவியாக இருந்ததால்தான் பேய்க்கதையும் மீட்பர் பிறந்த நாளும் ஒரே அட்டைக்குள் முரண்படாமல் உட்கார முடிந்தது என்பது என் கருத்து.

அடுத்து வந்தது தொழிலின் வேகம். நாளிதழ் முத்திரை வரி 1855-இலும் காகித வரி 1861-இலும் நீங்கின. நீராவி அச்சு இயந்திரம் பிரதிகளைக் குவித்தது. பத்திரிகைகள் கிறிஸ்துமஸ் சிறப்பிதழ் போட ஆரம்பித்தன. தீபாவளி மலர் எப்படித் தமிழ்ப் பத்திரிகைகளுக்கு ஆண்டின் பெரிய விற்பனையோ, அப்படி. மலரில் பேய்க்கதை இல்லாவிட்டால் வாசகர்கள் ஏமாந்து போனார்கள். டிக்கன்ஸின் இதழுக்காக எலிசபெத் காஸ்கெல் 1852-இல் எழுதிய 'வயதான தாதியின் கதை' இன்றும் நடுங்க வைக்கிறது. அமீலியா எட்வர்ட்ஸ், ரோடா பிராட்டன், ஷார்லட் ரிடெல் என்று இந்த மலர்களில் எழுதிப் பேரும் பணமும் ஈட்டிய பெண்களின் வரிசை நீளம். டிக்கன்ஸே 1866 மலரில், ரயில் விபத்துகளை முன்னறிவிக்கும் ஆவியின் கதையான 'சிக்னல்மேன்' எழுதினார். முந்தைய ஆண்டு ஜூன் 9-இல் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் பாலத்தில் தடம்புரண்ட ரயிலில் அவர் பயணம் செய்துகொண்டிருந்தார்.

இந்த வழக்கம் ஆங்கிலேயர்களோடு இந்தியாவுக்கும் வந்தது. லாகூரின் ஆங்கில நாளிதழ் ஒன்று 1885-இல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் மலரில்தான் ருட்யார்ட் கிப்ளிங்கின் சிம்லா பேய்க்கதையான 'ஆவி ரிக்ஷா' முதலில் அச்சேறியது.

அச்சிலிருந்து மறுபடி குரலுக்கு

அச்சில் வந்தாலும் இவை பெரும்பாலும் குடும்பத்தில் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டவை. டிக்கன்ஸ் அதை மேடைக்கே கொண்டுபோனார். 1853 டிசம்பர் 27-இல் பர்மிங்ஹாம் டவுன் ஹாலில் அவர் 'கேரல்' முழுவதையும் வாசித்தபோது ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆனது. டிசம்பர் 30-இல் தொழிலாளர்களுக்காகக் குறைந்த கட்டணத்தில் மறுபடி வாசித்தார். 1870 மார்ச் 15-இல் லண்டனில் நடந்த கடைசி வாசிப்பிலும் அதே கதை இருந்தது. மூன்று மாதத்துக்குள் காலமானார்.

அடுத்த பெரிய பெயர் எம். ஆர். ஜேம்ஸ் (1862–1936). கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் இடைக்காலச் சுவடிகளை ஆராய்ந்து பட்டியலிட்ட பேரறிஞர். 1905-இல் அந்தக் கல்லூரியின் தலைவரானார். 1893 அக்டோபர் 28-இல் சிட்சாட் என்ற சிறு மன்றத்தில் இரண்டு பேய்க்கதைகளை வாசித்தார். பிறகு அது கிறிஸ்துமஸ் முந்தைய இரவின் வழக்கமாயிற்று. தேவாலய வழிபாடும் இரவு உணவும் முடிந்ததும் நண்பர்கள் அவருடைய அறையில் கூடுவார்கள். உள்ளறையில் கடைசிப் பக்கங்களை எழுதி முடித்து, கையெழுத்துப் பிரதியோடு வெளியே வருவார். ஒன்றைத் தவிர மற்ற மெழுகுவர்த்திகளை ஊதி அணைத்துவிட்டு உட்கார்ந்து வாசிப்பார்.

1904-இல் அந்தக் கதைகள் நூலாக வந்ததற்கும் நட்புதான் காரணம். படம் வரைய ஒப்புக்கொண்ட இளம் நண்பர் ஜேம்ஸ் மெக்பிரைட் நான்கு படங்களை முடித்த நிலையில் இறந்துபோனார். வேறு ஓவியரைச் சேர்க்காமல், அந்த நான்கு படங்களோடு, அவர் நினைவாகவே நூலை வெளியிட்டார் ஜேம்ஸ்.

காதுக்காக எழுதினால் கதை எப்படி மாறும்?

குரல்வழி வந்த இந்தக் கதைகளின் அமைப்பே வேறு. முக்கியமானவை நான்கு.

1. நீளம். ஒரே அமர்வில் முடிய வேண்டும். ஜேம்ஸின் கதைகள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும்.

2. சட்டகம். 'இதை எனக்கு ஒருவர் சொன்னார்', 'இந்தத் தாள்கள் என் கைக்கு வந்தன' என்று ஆரம்பிக்கும். வாசிப்பவர் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கையில், கதைக்கும் அறைக்கும் நடுவில் ஒரு சாட்சி தேவைப்படுகிறது. கிறிஸ்துமஸ் முந்தைய இரவில் கணப்படிக் கூட்டத்தில் தொடங்கும் ஹென்றி ஜேம்ஸ் என்ற வேறொரு எழுத்தாளரின் 1898 குறுநாவல் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' இந்த உத்தியின் உச்சம்.

3. பழகிய இடம். கதை நடக்கும் இடமும் காலமும் கேட்பவருக்குப் பரிச்சயமாக இருக்க வேண்டும், ஆவி தீயதாக இருக்க வேண்டும், மந்திர தந்திரச் சொற்கள் கூடாது என்று எம். ஆர். ஜேம்ஸ் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். பேராசிரியர்கள் கேட்ட கதைகளில் பேராசிரியர்களே மாட்டிக்கொள்கிறார்கள்.

4. அடக்கம். பக்கத்தைப் புரட்டி மறுபடி பார்க்கக் கேட்பவரால் முடியாது. காதில் விழும் ஒரே ஒரு விவரம் போதும். கடற்கரை விடுதியில் காலியாக இருக்க வேண்டிய இன்னொரு கட்டிலிலிருந்து எழுந்து நிற்கும் உருவத்துக்கு, கசங்கிய துணியாலான முகம் என்கிறார் ஜேம்ஸ். அதற்கு மேல் வர்ணனை இல்லை. மிச்சத்தைக் கேட்பவர்கள்தான் வரைந்துகொள்ள வேண்டும், அவரவர் கட்டிலை நினைத்துக்கொண்டு.

குளிர்தான் காரணம் என்றால், ஜப்பான்?

ஜப்பானில் பேய்க்கதைக்கு உரிய பருவம் கோடை. எடோ காலத்தில் நூறு திரிகளை ஏற்றி, ஒவ்வொரு கதை முடிந்ததும் ஒரு திரியை அணைக்கும் 'ஹியாகு மோனோகதாரி' கூட்டங்கள் நடந்தன. கபுகி அரங்குகளும் பேய் நாடகங்களைக் கோடையில் போட்டன. புகழ்பெற்ற 'யோட்சுயா கைதான்' 1825 கோடையில்தான் முதலில் அரங்கேறியது. பயத்தில் உடல் சில்லிடும், புழுக்கத்துக்கு இதம் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். அதைவிட வலுவான காரணம், இறந்த முன்னோர் வீடு திரும்புவதாக நம்பப்படும் ஓபோன் பண்டிகை கோடையில் வருவது.

ஆகவே தட்பவெப்பம் துணைக்காரணம்தான். இறந்தவர்களை நினைக்கும் ஒரு பருவமும், எல்லோரும் ஒரே இடத்தில் கூடும் ஓய்வும் எங்கே சந்திக்கின்றனவோ அங்கே பேய்க்கதை வேர்விடுகிறது. வட ஐரோப்பாவில் அந்தச் சந்திப்பு குளிர்காலத்தில் நிகழ்ந்தது.

ஹாலோவீன் எப்படி முந்தியது?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம். பண்டிகையே வேர்பிடிக்காத அந்த மண்ணில் அதன் பேய்க்கதை வழக்கம் ஆழமாக இறங்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்து, ஸ்காட்லாந்துக் குடியேறிகள் தங்கள் அக்டோபர் 31 ஹாலோவீனைக் கொண்டுவந்தார்கள். ஆவிகளுக்கு அங்கே அந்த நாள் ஒதுக்கப்பட்டுவிட்டது. 1963-ஆம் ஆண்டுப் பாட்டில் பேய்க்கதை வருவது பலருக்கும் புதிராகப்படுவது இதனால்தான்.

இங்கிலாந்திலும் வழக்கம் மெலிந்தது. முதல் உலகப் போர் கேம்பிரிட்ஜ் மாணவர்களைக் கொண்டுபோனது; ஜேம்ஸ் 1918-இல் ஈட்டன் பள்ளிக்குப் போய்விட்டார். மின்விளக்கு வந்த வீட்டில் எல்லோரும் ஒரே வெளிச்சத்தில் உட்கார வேண்டிய தேவை இல்லை. ஆனால் குரல் வேறு வழியில் வீட்டுக்குள் வந்தது. 1930-களிலும் 40-களிலும் பேய்க்கதை எழுத்தாளர் அல்ஜெர்னன் பிளாக்வுட் பிபிசி வானொலியில் பேய்க்கதை சொன்னார். 1971 முதல் 1978 வரை பிபிசி தொலைக்காட்சி ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு ஒரு பேய்க்கதைப் படம் ஒளிபரப்பியது. முதல் ஐந்தும் ஜேம்ஸின் கதைகள், ஆறாவது 'சிக்னல்மேன்'. 2005-இல் அந்தத் தொடர் மறுபடி உயிர்பெற்றது. 2013 முதல் மார்க் கேட்டிஸ் இயக்கத்தில் பல படங்கள் வந்திருக்கின்றன.

இந்த மரபை நேரடியாக அறிய விரும்புபவர்கள் படத்தைவிடக் குரலில் தொடங்குவது நல்லது. டிக்கன்ஸ், காஸ்கெல், எம். ஆர். ஜேம்ஸ் மூவரின் கதைகளும் காப்புரிமை முடிந்தவை. மூல ஆங்கிலத்தில் எழுத்தாகவும் ஒலிநூலாகவும் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் 'கேரல்', பிறகு காஸ்கெலின் தாதி, அதன்பின் ஜேம்ஸ் என்ற வரிசையில் கேட்டால், அறிவுரை சொல்ல வந்த ஆவி கொஞ்சம் கொஞ்சமாகக் காரணம் சொல்லாத ஆவியாக மாறுவது காதுக்கே தெரியும்.